பதினொன்றும் பன்னிரண்டும்

கரீம் பாட்சாவுக்கு நான் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். இருபத்துநாலு போர்ட் சுவிட்ச் ஒன்று வாங்கிய கடன். சுவிட்ச் என்றால் நெட்டைப் பல கம்பிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி; போர்ட் என்றால் அதில் கம்பி செருகும் துளை. மாட்டுங்காவில் அவர் கடையிலிருந்து தூக்கிவந்து, தாராவியில் எங்கள் சந்தின் இருபத்திரண்டு பட்டறைகளுக்கும் நெட் கொடுத்தவன் இந்தச் சுடலைக்கண்ணன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சுவிட்ச் மெனுவின் இங்கிலீஷை எழுத்தின் உருவம் பார்த்தே மனப்பாடம் செய்தேன். டிகிரிக்காரர்களும் என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லோரும் மாதப்பணம் தருவார்கள். அதை நம்பி கரீம் பாயை வரச் சொல்லியிருந்தேன். சாயங்காலத்துக்குள் பணம் இல்லையென்றால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவதாகச் சொல்லித்தான் வந்து உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு நெட் நின்றது. சுவிட்சின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாக வெறிபிடித்து மின்னின.

"என்னவே சுடலை, கல்யாணப் பந்தலு மாதிரி மின்னுது?"

"ஒண்ணுமில்ல பாய், ட்ராபிக் ஜாஸ்தி."

பொய். அது லூப். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இரண்டு கம்பிகள் போனால், ஒன்றில் போன சேதி மற்றதில் திரும்பிவரும், மறுபடி போகும், பெருகிப் பெருகி எல்லார் வழியையும் அடைக்கும். ஸ்பானிங் ட்ரீ என்ற காவல் சுவிட்சிலேயே உண்டு. ஒரு வழியை அதுவே மூடிவிடும். அதை அணைத்துவைத்தவன் நான்தான். கரண்ட் வந்த பிறகு ஒவ்வொரு போர்ட்டும் அரை நிமிஷம் காத்திருக்கும், அதற்குள் பட்டறைக்காரர்கள் கத்துவார்கள் என்று அணைத்தேன்.

வாசலில் கூட்டம். "நாலாம் பட்டறை பூலோகம் சொல்லுதான், நெட்டு இல்லாம காசு கெடையாதாம்!" என்று யாரோ கத்தினார்கள்.

கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பதினொன்றைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின. பதினொன்று மாரீஸ்வரியின் தையல் பட்டறை. பன்னிரண்டும் அவளுக்குத்தான். மாடிக்கென்று நான் இழுத்துவைத்த உபரிக் கம்பி.

ஓடினேன். அவளுடைய சின்ன சுவிட்சில் சந்தனமும் குங்குமமும். இரண்டு கம்பிகளும் அதில்தான்.

"பூஜைக்குத் தொடச்சுப் பொட்டு வச்சேன் அண்ணாச்சி. ஒரு தொளை மூளியா இருந்துச்சு, வயரும் சும்மா தொங்குச்சு. நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு சொருகிட்டேன்."

"தாயி, ஒம் பக்தியில சந்தே பந்த் ஆயிட்டு!"

"அப்பம் சாமிக்குக் கோவமா?"

"சாமிக்கு இல்ல. கரீம் பாய்க்கு."

பன்னிரண்டை உருவிவிட்டுத் திரும்பினேன். மற்ற கம்பிகளைச் செருகி, மெனுவைத் திறந்து ஸ்பானிங் ட்ரீயைப் போட்டேன். பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இத்தன நாளு அணைச்சா வச்சிருந்தீரு?"

"ஆமா பாய். எந் தப்புதான்." நாற்பது வருஷத்தில் நான் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பெட்டியத் தூக்கிட்டுப் போயிருப்பேன்வே, ஒம்ம தப்புக்கு."

நெட் வந்தது. ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு வீதம் இருபத்திரண்டு பேரும் கொடுத்தார்கள், மாரீஸ்வரி குங்குமக் கையோடு. மீதி ஐயாயிரம் என் மடியில் இருந்தது. கரீம் பாய் கையை நீட்டினார். முப்பத்தெட்டாயிரத்தையும் ஒவ்வொரு நோட்டாக எண்ணி, அந்தக் கையில் வைத்தேன்.