ஏற்றத்தில் தண்ணீர் மட்டம்

"அண்ணே, தண்ணி இறங்குது. இன்ஜெக்டர் போடட்டுமா?"

டிரைவர் திரும்பவில்லை. ரயில் இன்ஜினின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தார். காற்று சுத்தமாக இருந்தது. இந்த ஏற்றத்தைப் புகை தின்னாமல் ஏறுவது டிரைவரான இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"ஏத்தத்துல கண்ணாடி பொய் சொல்லும்னு உனக்குத் தெரியாதா? இப்ப பச்சத் தண்ணிய பாய்லருக்குள்ள விட்டா ஸ்டீம் படுத்துடும். வளைவு தாண்டட்டும்."

"தெரியும். ஆனா நாம பாத்ததெல்லாம் ஏறுற பொய். இது இறங்குற பொய்யா இருக்கே."

"பொய்யில என்னடா ஏறுறது இறங்குறது. கரியப் போடு."

ஃபயர்மேன் கண்ணாடியை இன்னொரு முறை பார்த்தான். பாய்லரின் பின்முகத்தில், அவன் நெஞ்சு உயரத்தில், செங்குத்தாக நின்ற கண்ணாடிக் குழாய் அது. உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல இன்ஜினுக்கு வேறு வாய் கிடையாது. கீழ் நட்டுக்கு மேலே ஒரு விரல்கடை தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அவன் கரியைப் போட்டான். நிமிர்ந்தபோது அந்த விரல்கடையும் இல்லை.

வளைவுக்கு இன்னும் நூறு கஜம் இருந்தது. நெருப்புப் பெட்டிக்குள் யாரோ பெரிய துணியைக் கிழித்ததுபோல் சத்தம் கேட்டது. கதவு இடுக்கில் வெள்ளையாக நீராவி பீறிட்டது. ஃபயர்மேன் கதவைக் காலால் உதைத்துச் சாத்திவிட்டுப் பின்னால் தாவினான். அவன் வலது முழங்கையில் இருந்த முடியெல்லாம் பொசுங்கிப்போயிருந்தது. டிரைவர் நீராவியை விடும் ரெகுலேட்டரை மூடி பிரேக்கைப் போட்டார். மூன்று பெட்டிகளோடு வண்டி ஏற்றத்திலேயே நின்றது.

நெருப்புப் பெட்டியின் கூரைமேல் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும். நின்றால்தான் கூரை தாங்கும். அந்தக் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகாணி உண்டு. தண்ணீர் விலகினால் ஈயம் உருகும். உருகிய ஓட்டை வழியாக நீராவி பாய்ந்து நெருப்பை அணைக்கும். பாய்லர் வெடிக்காமலிருக்க இன்ஜின் தன் நெருப்பைத் தானே அணைத்துக்கொள்ள வைத்த ஏற்பாடு. டிரைவர்களுக்கு அதைவிட மானக்கேடு இல்லை. ஈயத்தை விட்டவன் என்று ஒருத்தனைப் பற்றிச் சொன்னால் அவனைப் பற்றி மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை.

முதல் பெட்டியிலிருந்து முட்டைக் கூடையோடு ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன டிரைவரய்யா, வண்டிக்கு மூச்சு வாங்குதா?"

"இறங்கி நடங்கம்மா. ரெண்டு கிலோமீட்டர்தான்."

"டிக்கெட் வாங்குனது உக்காந்து போக. என் கால்ல நடக்குறதுக்கு எவன்கிட்டயும் நான் டிக்கெட் வாங்குறதில்ல."

சொன்னாளே தவிர இறங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் தண்டவாளத்தின் ஓரமாக வரிசையாக மேலே நடந்தார்கள். டிரைவர் எதிர்ப்பக்கம் இறங்கி, பத்தடி தள்ளி நின்று இன்ஜினைப் பக்கவாட்டில் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. தாங்கள் நிற்கும் கேபின் மேட்டில் இருந்தது. சிம்னி பள்ளத்தில் இருந்தது.

அந்த இன்ஜினைக் கிளைப்பாதைக்கென்றே வடிவமைத்திருந்தார்கள். பிரதான பாதையில் தேய்ந்து கழித்த தண்டவாளங்களைக் கொண்டுவந்து கிளைப்பாதையில் போட்டிருந்ததால் எடை அதிகம் கூடாது. மேட்டில் இழுக்க வேண்டியிருந்ததால் சக்கரங்கள் சிறியவை. ஆறும் ஒன்றோடொன்று தண்டால் பிணைக்கப்பட்டவை. தண்ணீருக்கும் கரிக்கும் பின்னால் தனி வண்டி கிடையாது. பாய்லரின் இரு பக்கமும் இரண்டு தொட்டிகள், கேபினுக்குப் பின்னால் கரிப் பெட்டி, அவ்வளவுதான். மேல் நிலையத்தில் இன்ஜினைத் திருப்பும் மேடை இல்லை என்பதால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும்படி செய்திருந்தார்கள். சிம்னியை முன்னால் வைத்து ஏறும். அப்படியே கரிப் பெட்டியை முன்னால் வைத்து இறங்கும். ஆக, ஏறினாலும் இறங்கினாலும் சிம்னி மேட்டுப் பக்கம், கேபின் பள்ளத்துப் பக்கம். தண்ணீர் கேபின் பக்கம் சாயும், கண்ணாடி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதுதான் டிரைவருக்குத் தெரிந்த பொய்.

நான்கு மாதம் பட்டறையில் இருந்துவிட்டு இன்ஜின் முந்தின நாள் மாலைதான் திரும்பியிருந்தது. வந்தது தலைமாறி வந்தது. பட்டறையில் எந்தத் திசையில் வெளியே தள்ளினார்களோ அந்தத் திசையிலேயே அனுப்பிவிட்டார்கள். "ரெண்டு பக்கமும் ஓடுற வண்டிதானே, உங்களுக்கென்ன" என்று ஷெட்டில் சொன்னார்கள். புகை பின்னால் போகும் என்று டிரைவருக்குச் சந்தோஷம்கூட. காலையில் சமதரையில் வழக்கம்போல அரைக் கண்ணாடி தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினார். கேபின் மேட்டில் இருந்தால் தண்ணீர் சிம்னிப் பக்கம் ஓடி நெருப்புக் கூரை காயும் என்பது அவர் படித்துப் பரீட்சை எழுதிய விஷயம். பரீட்சை எழுதி இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது.

இதே ஷெட்டில் இன்ஜின் துடைக்க வந்தவர் அவர். பிரதான பாதைக்கு மூன்று முறை மாற்றல் வந்தது, மூன்று முறையும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து நின்றுகொண்டார். மனைவி மகளின் முதல் பிரசவத்துக்கென்று போனாள். குழந்தை உட்காரட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள். குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு. மாதம் ஒரு கடிதம் வரும், இங்கே மாடிக்கே தண்ணீர் ஏறுகிறது, நீங்களும் வந்துவிடலாமே என்று. அவர் பதில் எழுதுவார், பார்க்கலாம் என்று. குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. ஒன்றில் அவர் படுத்தார். மற்றதில் மடக்கிய கட்டில் ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அடுப்பில் தினமும் வைப்பது குளிக்க வெந்நீர் மட்டும்.

பேச்சு என்று அவருக்கு இருந்தது கேபினில்தான். ஒன்பது வருடமாக இந்த ஃபயர்மேன். வாய் ஓயாதவன். கரி போடும்போதும் பேசுவான், பிள்ளைகளைப் பற்றி, வீட்டுக்காரியின் தம்பியைப் பற்றி. மதியம் கருவிப் பெட்டிமேல் செய்தித்தாளை விரித்து, அவன் வீட்டுச் சாப்பாட்டு டப்பாவை இரண்டு பேருமாகக் காலி செய்வார்கள். அவன் பிள்ளைகள் டிரைவரைப் பெரியப்பா என்றார்கள்.

ஃபயர்மேன் டிரைவராகத் தேறிவிட்டான். இருபத்தெட்டாம் தேதி ஜங்ஷனில் சேர வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அன்று டிரைவர்தான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அந்த உத்தரவின் தேதியைக் காலண்டரில் பார்த்தார். பத்தொன்பது நாள் இருந்தது.

விசாரணை, ஈயம் உருகிய நான்காம் நாள் காலையில். ஷெட்டின் ஓரத்து அறை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார், இவர்கள் இருவரும் நின்றார்கள். உருகிய திருகாணி காகிதங்கள் பறக்காமல் மேஜைமேல் பாரமாக இருந்தது.

"தண்ணி யார் பொறுப்பு?"

"ஃபயர்மேன் பொறுப்பு சார்" என்றான் ஃபயர்மேன்.

"தெரியுதில்ல? பின்ன ஏன் இன்ஜெக்டர் போடல?"

 கேபினில் நடந்ததை டிரைவர் இருக்கும்போது ஃபயர்மேன் சொல்வதில்லை. டிரைவர்தான் சொல்ல வேண்டும். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத அந்த வழக்கத்தை எந்த ஷெட்டிலும் யாரும் மீறியதில்லை.

"போட வேணாம்னு டிரைவர் சொன்னாரா?"

"அண்ணனயே கேளுங்க சார்."

இன்ஸ்பெக்டர் டிரைவரைப் பார்த்தார். ஃபயர்மேன் பார்க்கவில்லை, சந்தேகமே இல்லாதவனைப்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிரைவர் சொல்லத்தான் வந்திருந்தார். காலையில் சட்டையில் பொத்தான் போடும்போதுகூட அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். நான்தான் வேண்டாம் என்றேன். மூன்றே சொல். சொன்னால் தன்னை இறக்கி, பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ஷண்டிங்குக்குப் போடுவார்கள், அது போகட்டும். சொல்லாவிட்டால் இவன் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறும், உத்தரவு நிற்கும், இருபத்தெட்டாம் தேதி இவன் எங்கேயும் போக மாட்டான். இந்த இரண்டாவதை அவர் இதுவரை யோசித்ததில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தபோதுதான் அது வந்து நின்றது.

"ஞாபகம் இல்ல சார்" என்றார்.

"அவன் கேட்டானா, கேக்கலையா?"

"ஏத்தத்துல ஒரே சத்தம். ஞாபகம் இல்ல."

ஃபயர்மேன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினான். இன்ஸ்பெக்டர் அவனுக்கு ஒரு நிமிடம் கொடுத்தார். அவன் டிரைவரைப் பார்த்தபடி நின்றான். அவர் எழுத ஆரம்பித்தார். பதவி உயர்வு இரண்டு வருடம் நிறுத்தம். டிரைவருக்கு எச்சரிக்கை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே குழாயடியில் ஃபயர்மேன் முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

"ரெண்டு வருஷம்தானடா" என்றார் டிரைவர். "கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள ஓடிரும்."

"ஆமா."

"மேல எழுதிப் பாப்போம். நானே எழுதறேன்."

"என்னன்னு எழுதுவீங்க? ஞாபகம் வந்துடுச்சுன்னா?"

சொல்லிவிட்டு அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோபமாகச் சொன்னதுபோலத் தெரியவில்லை.

"வீட்டுல கட்டி வெச்ச சாமானையெல்லாம் பிரிக்கணும்" என்றான். "வரேன் சார்."

மறுநாள் ஏழு பத்து வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. புதுத் திருகாணி போட்டிருந்தார்கள். பாய்லரில் முக்கால் கண்ணாடி தண்ணீர் இருந்தது. ஏற்றத்தின் அடியில் ஃபயர்மேன் கேட்காமலே இன்ஜெக்டரைத் திறந்தான், வளைவில் மூடினான். ஸ்டீம் கொஞ்சம் படுத்தது. ஆறு நிமிடம் தாமதம். கடைசிப் பெட்டியிலிருந்த கார்டு அதைக் குறித்துக்கொண்டார். மேல் நிலையத்தில் இருபத்தாறு பேர் இறங்கினார்கள், இரண்டு மூட்டை தபால் இறங்கியது. ஃபயர்மேன் சாம்பலைத் தட்டிவிட்டு, தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போர்ட்டர்கள் அறைக்குப் போனான். டிரைவர் கேபினிலேயே இருந்தார். நிலையத்துக் கடையிலிருந்து ரொட்டியும் டீயும் வந்தன. பதினொன்று நாற்பதுக்கு இறங்கும் வண்டி. பெட்டிகளை மாற்றிக் கோத்து, பிரேக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். பதினோரு பேர் ஏறியிருந்தார்கள். வழியில் எங்கும் நிற்கவில்லை. காலையில் ஆறு நிமிடம் போயிருந்தது, இறக்கத்தில் நான்கு நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்தார்கள்.