எச்சில் குழாய்

என் வீட்டுக்காரர் ஆம்பூர் தோல் தொழிற்சாலையில், தோல் ஊறவைத்துச் சுழற்றும் டிரம்களைக் கழுவுகிறவர். தம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடிக்கமாட்டார். நான் கடித்த முறுக்கைக்கூடத் தொடமாட்டார். அப்படிப்பட்டவருக்கு விடாத இருமல், சளியில் ரத்தம். சளியைச் சோதித்தும் ஒன்றும் தெரியவில்லை. வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர், மெல்லிய குழாய் ஒன்றை நுரையீரல் வரை விட்டுப் பார்க்கவேண்டும் என்றார்.

பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் உட்கார்ந்தோம். முன்னால் போனவரை வெளியே கொண்டுவந்தார்கள். இவர் அவர் வாயையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

"அந்தாளு வாயில போன குழாய்தான எனக்கும்? எச்சி. வா, வூட்டுக்குப் போலாம்."

இன்று விட்டால் இவரை மறுபடி இழுத்துவர முடியாது. நர்ஸிடம் ஓடினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கேட்கவேண்டிய கேள்விதான் என்று, குழாய் கழுவும் அறை வாசலுக்கே அவரைக் கூட்டிப் போனாள். உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, கிருமி மருந்தில் ஊறவைத்து, வடிகட்டிய தண்ணீரில் அலசி, காற்றடித்துக் காயவைத்துத்தான் தொங்கவிடுவோம் என்றாள். அவருக்கான குழாயையும் எடுத்துக் காட்டினாள். ஈரம் நின்றால் எதுவும் கெடும் என்பது டிரம் கழுவுகிறவருக்குத் தெரியாதா? தலையாட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பையில் எங்கள் அம்மன் கோயில் தீர்த்தம் இருந்தது. குழாய்க்கும் அவள் துணை இருக்கட்டுமே என்று இரண்டு சொட்டு தெளித்துவிட்டேன்.

நர்ஸ் கண்ணை மூடித் திறந்தாள். "அம்மா, சாதா தண்ணிலயும் கிருமி இருக்கும். இத மொதல்லேந்து கழுவணும்."

அவர் முறை கடைசிக்குப் போனது. காலைக் காபியும் இல்லாத மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சிஸ்டர், இவ கைய புடிச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அந்த வாசலிலேயே காவல் நின்றார். மிச்சத் தீர்த்தத்தை அவர் தலையில் தெளிக்க அனுமதி கேட்டேன். கழுத்தில் சிலுவை போட்டிருந்த நர்ஸ் தன் தலையையும் குனிந்து காட்டினாள். வீட்டுக்கு ஓடப் பார்த்தவர், கூப்பிட்டதும் நர்ஸுக்கும் முன்னால் உள்ளே போனார்.

டிபி என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தார்கள். குழாய் விட்டபின் காய்ச்சல் அடித்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள், காய்ச்சல் அடிக்கவில்லை. எல்லாம் அம்மன் கருணை என்றேன்.

"ரெண்டாவது வாட்டி கழுவுனாங்களே, அதனால" என்றார்.

"கழுவ வெச்சது யாரு?" என்று கேட்டேன்.