கழுத்து தாங்கிய கேமரா

தைராய்டு அறுவைச் சிகிச்சை முடிந்து நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன், உடம்பு திரும்பவில்லை. குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு வரும் சரக்கின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு. மதியத்துக்கு மேல் திரையில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மேசையில் தலையைச் சாய்த்தால் போதும் என்றிருக்கும். காலையில் கொஞ்சம் நடந்து பாருங்கள் என்றார் மருத்துவர்.

வீட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வேலியோரம் மேலே ஏறும் பாதையில் நடக்க ஆரம்பித்தேன். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். நின்றால் எதிரில் வருகிறவர்கள், "ஏனுங்க, உடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. நிற்பதற்கு ஒரு சாக்காகப் போனை எடுத்துப் படம் பிடித்தேன். வேலிக்கம்பியில் நீர்த்துளி, மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனிக்குள் சில்வர் ஓக் மரங்கள், எங்கோ ஒரு கிளையில் பறவை. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பறவை இருந்த இடத்தில் மைக்கறை மாதிரி ஒன்று. லென்ஸ் மாற்றுகிற நல்ல கேமரா ஒன்று வாங்கினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. பல மாதங்களுக்குப் பிறகு எனக்கென்று எழுந்த ஆசை அது.

ஆசைப்பட்டது சுலபம். எதை வாங்குவது என்று தேடத் தொடங்கியதும் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போயிற்று. ஒரு வீடியோவில், படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்க வேண்டும் என்பார்கள். அடுத்ததில் சென்சாரை விடுங்கள், லென்ஸ்தான் முக்கியம் என்பார்கள். அலுவலகத்தில் தேயிலை ருசி பார்க்கும் தம்பி ஒருவர் விடுமுறை நாட்களில் கல்யாணப் படம் எடுக்கிறவர். அவர், "பெருசாவே வாங்கிருங்க அக்கா, பின்னாடி வருத்தப்படக் கூடாது" என்றார்.

என் கணவர் பக்கத்து வெலிங்டனில் ராணுவ ஸ்டோரில் வேலை பார்க்கும், பட்டாளத்தில் சேராத சிவிலியன் ஊழியர். சாயந்தரம் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "என்ன அம்மணி, முடிவு பண்ணியாச்சா?" என்பார்.

"நேத்து ஒண்ணு நல்லாருந்துதுங்க. இன்னைக்கு அது ஆகாதுன்னு ஒருத்தரு சொல்றாரு."

"அப்பக் கடைக்கே போயிரலாம். கையில எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை கோவைக்குப் பஸ் ஏறினோம். வளைவுகளில் எனக்குக் குமட்டியது. மேட்டுப்பாளையம் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. கடைக்குள் நுழைந்தபோது திரும்பிப் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டேன்.

"எதுக்கு மேடம் யூஸ் பண்ணப் போறீங்க?" என்று கேட்டார் விற்பனையாளர். "கல்யாணமா, வைல்ட்லைஃபா?"

"நடக்கறப்ப எடுக்கறதுக்குங்க" என்றேன். "பறவையும் எடுக்கோணும்."

அவர் நீளமான ஜூம் லென்ஸ் மாட்டிய பெரிய கேமராவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கண்ணில் வைத்துத் தெருப்பக்கம் திருப்பினேன். எதிர்ச்சாரியில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் விரல்கள் பக்கத்தில் வந்துவிட்டன. நாரின் முடிச்சுகூடத் தெரிந்தது. இதுதான், இதுவேதான் என்று மனசு சொன்னது. அதற்குள் கனம் தாங்காமல் மடியில் இறக்கிக்கொண்டேன். பட்டையைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். பின்கழுத்தில் விழுந்த கனம் முன்னால் தையல் போட்ட இடம்வரை இழுத்தது. கேமராவை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கணவர் மெல்ல அதைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "நான் தூக்கிட்டு வர்றேன் அம்மணி. நீ படம் மட்டும் எடு."

"டூட்டிக்குப் போவீங்களா, எனக்குப் பின்னாடி இதத் தூக்கிட்டு அலைவீங்களா? என்னால இது முடியாதுங்க."

வீட்டில், அலுவலகத்தில், யார் கேட்டாலும் இப்போது பரவாயில்லை என்றே சொல்லிவந்தேன். முடியாது என்று வாய்விட்டுச் சொன்னது அந்தக் கடையில்தான். அவர் என் முதுகில் கையை வைத்தபடி நின்றார்.

விற்பனையாளர் உள்ளே போய், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றை எடுத்துவந்தார். அதனோடு ஒரு சின்ன லென்ஸ். கழுத்தில் மாட்டினேன், உறுத்தவில்லை. "இதுல தூரத்துப் பறவையெல்லாம் வராது மேடம். பின்னாடி வேணும்னா பெரிய லென்ஸ் வாங்கி இதுலயே மாட்டிக்கலாம்" என்றார்.

"வராட்டிப் போகுதுங்க" என்றேன். அதையே வாங்கினோம்.

ஊர் திரும்பிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. கேமரா பெட்டியிலேயே கிடந்தது. மழை விட்ட பிறகு எடுத்த படங்களில் மஞ்சு எல்லாம் அழுக்குத் துணி நிறத்தில் இருந்தது. தப்பான கேமராவை வாங்கிவிட்டோம் என்று சோர்ந்துபோய் அலுவலகத் தம்பியிடம் காட்டினேன்.

"கேமரா நல்லாத்தான் இருக்குது அக்கா. எல்லாப் பக்கமும் வெள்ளையா இருந்தா வெளிச்சம் ஜாஸ்தின்னு அதுவா நெனச்சு இருட்டாக்கிரும்" என்று சொல்லி, மேலே இருந்த சக்கரத்தை இரண்டு சொடுக்கு திருப்பிக் காட்டினார். "மஞ்சு இருந்தா இப்படி வெச்சுக்கோங்க."

மறுநாள் முதல் வளைவில் நின்று அப்படியே வைத்து எடுத்தேன். மஞ்சு வெள்ளையாகவே வந்தது. வீட்டுக்கு வந்து, டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்த கணவரிடம் நீட்டினேன். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நம்ம ரோடா?"

"நம்ம ரோடுதானுங்க."

இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தார். இருவருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. கேமராவைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வரைக்கும் தூங்கினேன்.