மேலே ஒரு சாண்

“வெயிலா பனியா, ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணித் தொலையேன்” என்று வானத்துக்கு ஒரு வசவு கொடுத்த பிறகுதான் தையல்கார அக்கா கோழிக்கூண்டின் கொக்கியை நீக்குவார். ஒரு கையில் வெந்நீர்ச் செம்பு, மறுகையில் துணி வெட்டும் கத்தரி. தண்ணீர்ச் சட்டியில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியைக் கத்தரியின் பிடியால் ஒரே தட்டு. உடைந்தால் வானத்துக்கு இன்னொரு வசவு. உடைக்க ஏதுமில்லாமல் தண்ணீர் தண்ணீராகவே இருந்தால் அதற்கும் ஒன்று உண்டு: “நேத்து நடுங்க வச்சே, இன்னிக்கு கொஞ்சுறியா?”

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்சுவர் பொது. என் தூக்கம் கலைவதே இந்த வசவில்தான். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் நானும் சேர்ந்து திட்டுகிறேன். பின்னே என்ன, மதியம் சட்டை முதுகில் ஒட்டுகிறது, சாயங்காலம் தூறுகிறது, விடியற்காலை மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்கே தாங்கவில்லை, வாயில்லா ஜீவன் என்ன செய்யும்?

வசவு முடிந்ததும் அக்கா கூண்டுக்குள் குனிந்து, மேல்பலகையின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தடவுவார். காய்ந்திருந்தால் நெற்றிச் சுருக்கம் ஒன்று குறையும். ஈரம் தட்டினால், அன்றைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் பாடு திண்டாட்டம். பிறகு ஒவ்வொரு கோழியையும் மடியில் வைத்து, பனியில் வெடிக்காமலிருக்கக் கொண்டைக்கு எண்ணெய் தடவுவார். நனைந்த வைக்கோலை வாரி வெளியே எறிவார். தையல் மெஷின் பின்ஜன்னலை ஒட்டியே கிடக்கிறது. பாதிக் கண் ஊசியில், பாதிக் கண் கூண்டில். இதுவரை விரலில் ஊசி ஏறாதது ஆச்சரியம்தான்.

கூண்டின் முன்பக்கத்துக்குத் தடித்த கித்தானில் ஒரு திரை தைத்திருக்கிறார். கயிற்றை விட்டால் இறங்கும். எவ்வளவு குளிரானாலும் மேலே ஒரு சாண் திறந்தே இருக்கும். போகிறவர் வருகிறவரெல்லாம், பாவம் அதையும் மூடக் கூடாதா என்று புத்தி சொல்வார்கள். நரம்பில்லாத நாக்கு, சொல்லத்தானே செய்யும். அக்காவிடம் ஒரே பதில்தான்: “மூடினவரைப் போய்க் கேளுங்க.”

மூடினவர் அவர் கணவர். பிளம்பர். ஊரில் ஒழுகுகிற குழாயையெல்லாம் அடைத்து அடைத்து, இடுக்கு எங்கே தெரிந்தாலும் அவர் கை சும்மா இருக்காது. போன குளிர்காலத்தில் அக்கா ஒரு ராத்திரி வெளியூரில் தங்கும்படி ஆனது. கோழிகளுக்குக் குளிருமே என்று மனிதர் கூண்டைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் கட்டி, டேப் ஒட்டி, மிச்ச இடுக்குகளில் சிலிக்கான் பசையும் பூசிவிட்டார். எறும்பு நுழைய வழியில்லை. அன்றைக்கென்று பார்த்துப் பகலெல்லாம் புழுக்கம், பொழுது சாயத் தூறல். கோழிகள் விட்ட மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியே போக முடியாமல் மேல்பலகையில் கோத்து, அவற்றின் மேலேயே சொட்டியிருக்கிறது. விடியுமுன் கடுங்குளிர் இறங்கியது. காய்ந்த இறகு எந்தக் குளிரையும் தாங்கும். நனைந்த இறகு எதைத் தாங்கும்? காலையில் அக்கா வந்து தாளைக் கிழித்தபோது, ஒன்றே ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது.

அதற்கும் நெஞ்சில் சளி கட்டிக் கரகரவென்று சத்தம். கடைசியில் கரகர என்பதே அதன் பெயராகிவிட்டது. மெஷினுக்கு அடியில், வெட்டுத்துணிக் கூடைக்குள் பொரிந்த குஞ்சு அது. இப்போதிருக்கும் மற்றவையெல்லாம் பிறகு வந்தவை. வெயில் பனியாக மாறும்போதெல்லாம் கரகரவின் நெஞ்சு இரைய ஆரம்பித்துவிடும். இன்னொரு ஈர ராத்திரியை அது தாங்காது. அக்காவுக்கும் தெரியும், அவர் கணவருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அக்கா கணவரிடம் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் கோழி வழியாகத்தான். “கரகர, சாப்பாடு மேசை மேல இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.” அவரும் கோழியைப் பார்த்தே சரி என்பார். சிரித்துத் தொலைப்பேனோ என்று நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். உள்ளே எனக்கும் ஆத்திரம்தான். எதிரி செய்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். ஆசையாகச் செய்து கெடுத்தவரை என்ன செய்வது?

போன வாரம், வெளியூரிலிருக்கும் அக்காவின் தமக்கை வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதாகப் போன் வந்தது. போகாமல் முடியாது. அன்றைக்கும் அதே பாழாய்ப்போன புழுக்கம். மேற்கே மேகம் திரண்டிருந்தது. விடிந்தால் உறைபனி என்றது ரேடியோ. கரகர காலையிலிருந்தே இரைந்துகொண்டிருந்தது. கோழிகளை என்னிடம்தான் ஒப்படைப்பார் என்று நான் கொல்லைக் கதவைத் திறந்து வைத்து நின்றேன். திரைக்கயிற்றை எப்படி இறக்குவது என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தாயிற்று. அக்கா துணிப்பையோடு என்னைத் தாண்டிப் போனார். எனக்குச் சுருக்கென்றது.

கணவர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து, கருவிப்பை தோளில் தொங்கக் கூண்டருகே நின்றிருந்தார். அக்கா கரகரவைத் தூக்கி அவர் கையில் வைத்தார். ஒரு வருஷம் கழித்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“குளிர் அதை ஒண்ணும் பண்ணாது. நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தா போதும். திரையை இறக்குங்க. மேல ஒரு சாண் திறந்திருக்கணும்.”

“மனசு கேக்காதே” என்றார் அவர்.

“கேக்காதுன்னு தெரியும்.”

சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்பவரைப் போல அவர் கோழியின் முதுகில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தோளில் தொங்கிய பையின் ஜிப்பை இழுத்துத் திறந்து, டேப் சுருள்களையும் சிலிக்கான் பசையையும் ஒன்றுவிடாமல் எடுத்துத் தன் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.