பாப்பா என்றால் யார்?

மராத்தி பேசும் கட்கி ஊரில் இருந்த எங்கள் வீட்டில் பாப்பா என்றால் எட்டு வயதுவரை நான்தான். தங்கை பிறந்ததும் ஒரே நாளில் அந்தப் பெயரைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டு, என்னைப் 'பெரியவளே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரைக் கேட்டு மாற்றினார்களோ!

அவளுக்கு இரண்டு வயதானபோது, காலையில் கசார்வாடிப் பட்டறைக்குக் கிளம்பிய அப்பாவின் கையிலிருந்து சாப்பாட்டு டப்பா நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, பக்கவாதம் என்றார்கள். சீக்கிரம் கொண்டுபோனதால் உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன.

வீடு திரும்பியவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "பாப்பா."

எனக்கு வயிறு எரிந்தது. அத்தனை சொல்லையும் பிடுங்கிக்கொண்ட வியாதி, போயும் போயும் அவள் பெயரையா விட்டுவைக்க வேண்டும்? அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைப்பாள். அந்தக் குட்டிப்பிசாசு மீசையை இழுத்துச் சிரிக்கும். நான் பள்ளியில் வாங்கிய பரிசைக் காட்டினாலும் "பாப்பா"தான்.

அப்பாவின் கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த மராத்திக்காரருக்கு வேறு கணக்கு. இங்கே பப்பா என்றால் அப்பா அல்லவா! "பேச்சாரே, அப்னே பப்பா கோ புலா ரஹே ஹை" என்று, அப்பா தன் அப்பாவைத் தேடுவதாக நினைத்து உச்சுக்கொட்டினார். தாத்தா போய்ச்சேர்ந்து எவ்வளவோ வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மாலை அப்பா விடாமல் அதையே சொன்னார். அம்மா வழக்கம்போலத் தங்கையைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் இடது கையால் அவளை மெல்ல ஒதுக்கிவிட்டு மறுபடியும், "பாப்பா" என்றார்.

"தண்ணி வேணுமாங்க? ஃபேன் போடவா?"

இல்லையென்று தலையாட்டினார்.

"பெரியவளே, என்னான்னே புரியலடி. நீயாச்சும் வந்து கேளேன்."

கோபம் வந்தால் எனக்கு இந்திதான் முந்திக்கொள்ளும். "முஜே க்யா பதா? எனக்கென்ன தெரியும்? உன் செல்லப் பாப்பாவையே கேளு!" என்று கத்திவிட்டு, வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே அப்பா அழத் தொடங்கினார். அம்மா தண்ணீர், போர்வை, சாமி படம் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அவரிடம் நீட்டிப் பார்த்தாள். என்னைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.