மஞ்சள் துணியும் ஐந்து மொட்டை மாடிகளும்

1. வானம் பார்க்கிற உத்தியோகம்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் வடாம் யூனிட்டில் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தது ஒரு மூங்கில் கழி, ஒரு வெள்ளைத் துணி. அவ்வளவுதான்.

"மாவு கிண்ட ஆளு கீது, ஊத்த ஆளு கீது. வானத்தப் பாக்கத்தான் ஆளு இல்ல. நீ பாரு வேணி" என்றார் லீடரம்மா. சுலோசனா என்பது அவர் பெயர். யூனிட்டை ஆரம்பித்ததிலிருந்து எல்லோருக்கும் லீடரம்மாதான்.

நான் படித்தது எட்டாவது. என் தகுதி என்னவென்றால், எங்கள் வீடு மற்ற மாடிகளைவிட ஒரு மாடி உயரம். முருகன் கொடுத்தது என்று கும்பிட்டுக்கொண்டு ஏறினேன். ஒன்பது வருஷமாக இறங்கவில்லை. புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு எழுதிக் கொடு என்றார்கள். எழுதுகிறேன்.

எங்கள் வடாம் காய்வது தறி ஷெட்டுகளின் மொட்டை மாடியில். ஐந்து ஷெட், ஐந்து மாடி, எல்லாம் ஒரே ஓனருடையது. கீழே பவர்லூம் ஓடும்போது மேலே நிற்கிறவள் காதில் என்ன கத்தினாலும் விழாது. பக்கத்தில் நிற்கிறவளைக் கிள்ளித்தான் கூப்பிடவேண்டும். போனும் உதவாது. மாவுக்கை பட்டு இரண்டு போன் செத்துப்போன பிறகு, எல்லார் போனையும் கீழே ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏறவேண்டும் என்பது லீடரம்மா சட்டம். போன் வைத்துக்கொள்ள எனக்கு மட்டும் உத்தரவு.

அதனால்தான் கொடி. வெள்ளை ஏறினால் வடாம் ஊற்றும் பிளாஸ்டிக் ஷீட்டை விரி. மழை வருகிறது என்றால் வேறு நிறம் வேண்டும். லீடரம்மா சிவப்பு என்றார். நான் ரொம்பப் புத்திசாலியாக ஒன்று சொன்னேன். "ஆடி மாசம் பாதித் தெரு அம்மனுக்குச் சேப்புச் சேலை கட்டிக்கினு இருக்குது. கொடிக்கயிறு பூரா சேப்புதான். எது சிக்னல், எது துணின்னு எப்டித் தெரியும்? மஞ்சள் வெச்சிக்கலாம்."

எல்லோரும் என்னை மெச்சினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. மழைக்குப் பல பெயர்

எங்கள் ஊருக்கு மழை சொல்ல யாரும் இல்லை. சென்னை டிவியில் திருவள்ளூர், ராணிப்பேட்டை என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். தெலுங்குச் செய்தியில் ராயலசீமை என்று ஒரே வார்த்தையில் அனந்தபுரம் வரை முடித்துவிடுவார்கள். இரண்டையும் கேட்டு நடுவில் நகரியை நாமே வைத்துக்கொள்ளவேண்டும்.

போனில் வரும் எச்சரிக்கை தெலுங்கில் இருக்கும். 'தேலிகபாட்டி' என்றால் லேசான மழை. ஷீட்டை மடிக்கத் தயாராக இரு. 'அக்கடக்கட' என்றால் அங்கங்கே. அந்த அங்கங்கே எப்போதும் நம் மாடிதான் என்று எடுத்துக்கொள். 'பிடுகு' என்று வந்தால் இடி விழும் என்று பொருள். மடிப்பு, மூட்டை எல்லாம் உறுமல் கேட்கும்வரைதான். முதல் உறுமல் கேட்டதும் கையில் இருப்பதை விட்டுவிட்டுக் கீழே இறங்கு.

இதெல்லாம் வராவிட்டாலும் எங்கள் மலையுச்சியில் மூக்குபோல ஒரு பாறை இருக்கிறதே, அது போதும். மூக்கு தெரிந்தால் வெயில். மூக்கை மேகம் மூடினால் அரைமணி நேரத்தில் மழை.

3. கிருத்திகைக்கு மறுநாள்

திருச்சானூரில் ஒரு லாட்ஜ் சாப்பாட்டுக் கூடம் வரலட்சுமி நோன்புக்கு எங்களிடம் முதல்முறையாகக் கூழ் வடாம் கேட்டிருந்தது. பிடித்தால் மாதாமாதம் வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின மாதம் நான் கொடி காட்டத் தாமதித்து ஒரு மாடி நனைந்திருந்தது. லீடரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்த ஆர்டர்ல ஒண்ணு ஏமாந்தாலும் உன்ன நிறுத்திடுவேன் வேணி. வானத்தப் போனே பாத்துக்கும்."

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி நடந்தே போய்ப் பால்குடம் எடுத்து வேண்டிக்கொண்டேன். ஆர்டர் நல்லபடியாகப் போகவேண்டும், வேலை நிலைக்கவேண்டும், அவ்வளவுதான். மறுநாள் காலை பஸ் பிடித்து வந்தேன். பாதம் முழுக்கக் கொப்புளம். ஆனால் மனசு பஞ்சுபோல இருந்தது. லீடரம்மா ஏற்றிவிட்டிருந்த வெள்ளைக் கொடி பறந்துகொண்டிருந்தது, ஐந்து மாடியிலும் வடாம், மலைமூக்கு பளிச்சென்று தெரிந்தது. முருகா என்று சொல்லி, உடுத்திப் போனதைத் துவைத்து என் மாடிக் கொடிக்கயிற்றில் போட்டுவிட்டு, கீழே வந்து தயிர்சாதம் பிசைந்தேன்.

உடுத்திப் போனது என்ன? மஞ்சள் புடவை. கூட நடந்து வந்த என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் வேட்டி. தலைக்கு மஞ்சள் துண்டு.

மூன்றாவது வாய் வைக்கும்போது மாடிப்படி அதிர்ந்தது. லீடரம்மா. முந்தானை முழுக்க மாவு, தலையில் பாதி காய்ந்த வடாம் ஒன்று.

"எங்கடி மழ?"

"இன்னா மழ?"

"மூணு மஞ்சக்கொடி ஏத்திக்கினு கீற! புயலே வருதுன்னு அஞ்சு மாடியும் வாரி மூட்டையில போட்டுட்டோம். நீ சோறு துன்னுக்கினு கீற!"

நான் வெளியே வந்து மேலே பார்த்தேன். புடவை காற்றில் அருமையாகப் பறந்துகொண்டிருந்தது.

பாதி காய்ந்த வடாமை மூட்டையில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டும், புளித்த வாடை வரும். அதனால் நானும் நொண்டிக்கொண்டே போய், எட்டுப் பெண்களோடு ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி விரித்தேன். கோபத்தில் ஆரம்பித்தது எப்போது சிரிப்பானது என்று தெரியவில்லை. நாகம்மா என்கிறவள் சிரித்துச் சிரித்து ஷீட்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "யக்கா, உள்பாவாட காயப்போட்டா இன்னா அர்த்தம்? அதையும் சொல்லிக்குடு!"

லீடரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

4. தறி நின்ற நிமிஷம்

மஞ்சள் துணிகளை அப்போதே எடுத்துவிட்டேன். மூன்று மணிக்கு என் மாடியில் நிற்கும்போது போன் கூவியது. பிடுகு. நிமிர்ந்தால் மலைக்கு மூக்கே இல்லை.

கழியில் மஞ்சளை ஏற்றினேன். மாடிகளிலிருந்து பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நாகம்மா தன் துண்டை எடுத்து எனக்குத் திருப்பி ஆட்டினாள். இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லீடரம்மா முதுகைத் திருப்பிக்கொண்டார். கத்தினேன். குதித்தேன். குதித்ததை டான்ஸ் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கொப்புளத்தோடு படியிறங்கி ஓடினேன். ஐந்து ஷெட்டுக்கும் ஒரே மெயின் போர்டு. அதன் பக்கத்தில் ரங்கய்யா மேஸ்திரி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, மெயின ஆஃப் பண்ணு!"

"இன்னாமே, துணி காயலியா?" அதற்குள் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"இடி வருது! மேல எட்டுப் பேரு கீறாங்க, கூப்ட்டா கேக்கல!"

"அத்தினி தறியும் ஒரேடியா நின்னா நூலு அறுந்துக்கும். உங்க நைனாவா வந்து முடிச்சுப் போடுவாரு?"

"நான் முடிச்சுப் போடறேன். முருகன் சத்தியமா நான் போடறேன்!"

அவர் என் காலைப் பார்த்தார். கொப்புளம் உடைந்து சிமெண்டில் ஈரத்தடம் இருந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு மெயினை இழுத்தார்.

பகல் வேளையில் எங்கள் தெரு அப்படி அடங்கி நான் கேட்டதே இல்லை. ஒரு காக்கை கத்தியது. எங்கேயோ குக்கர் விசில். ஐந்து மாடியின் ஓரத்திலும் தலைகள் எட்டிப் பார்த்தன. "கரண்டு போச்சா?"

"மழடீ! வாருங்கடீ!"

இந்தமுறை கேட்டது. தறிக்காரர்களும் வேலையில்லாமல் மேலே ஏறிவிட்டார்கள். நெய்கிற கையல்லவா, ஷீட்டை மடிக்கிற வேகத்தைப் பார்க்கவேண்டுமே! ரங்கய்யா ஒரு ஷீட்டை அப்படியே தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சாமி ஊர்வலக் குடைபோல இறங்கினார். பின்னாலேயே நாகம்மா "கோவிந்தா! கோவிந்தா!" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

நான்கு மாடி முடிந்தது. ஐந்தாவதில் பாதி இருக்கும்போது மலைப்பக்கம் உறுமியது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். லீடரம்மா மட்டும் கடைசி இரண்டு ஷீட்டுக்குத் திரும்பி ஓடினார்.

அதுவரை அவரை நான் வாங்க, போங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

"சுலோசனா! விட்டுட்டு எறங்குடீ!"

அதிர்ந்து நின்றார். ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கினார். அவர் கடைசிப் படியில் கால் வைக்கும்போது வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. எதிர்த் தெருத் தென்னை உச்சியில் புகை. அப்புறம் கொட்டியது பாருங்கள் மழை! இரண்டு ஷீட் வடாமும் கரைந்து குழாய் வழியாகக் கூழாகவே தெருவுக்கு வந்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தது லீடரம்மாதான். முழு ஷெட்டும் சிரித்தது.

5. பொரிந்தது

மறுநாளும் அதற்கு மறுநாளும் நல்ல வெயில். குறைந்ததைப் புதிதாக ஊற்றிக் காயவைத்தோம். ஒடித்தால் டக்கென்று சத்தம் வரவேண்டும். வந்தபிறகும் சூட்டோடு டின்னில் அடைக்கக்கூடாது, உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் ஆறவைத்து அடைத்தோம். திருச்சானூர் கூடத்து மேனேஜர் எங்கள் எதிரிலேயே ஒன்றை எண்ணெயில் போட்டார். அது சட்டி அளவுக்கு விரிந்தது. "பாக உந்தி அம்மா" என்று தெலுங்கில் மெச்சியவர், "மாசாமாசம் அனுப்புங்க" என்று தமிழில் முடித்தார். தாயார் சன்னதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் லீடரம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "போனு மழ வருதுன்னு சொல்லுது. எறங்குடீன்னு சொல்லமாட்டேங்குது. நீயே இரு."

நான் கற்றது இதுதான். நம் ஊரில் யாரும் வேறு எதற்காகவும் செய்யாத ஒன்றைத்தான் சிக்னலாக வைக்கவேண்டும். வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் சாமிக்கும் சலவைக்கும் போகட்டும். பிடுகு என்று வந்தால் ரங்கய்யா மெயினை இழுத்துவிடுவார். பட்டப்பகலில் தறிச்சத்தம் நின்றால் எங்கள் தெருவில் காது கேளாதவர்கூட வெளியே வந்து பார்ப்பார்.

அறுந்த நூலுக்கு நான் சத்தியம் செய்தேனே, அதையும் காப்பாற்றுகிறேன். முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டுவிட்டேன். என் முடிச்சைப் பார்த்துத் தறிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கிருத்திகைக்கு மஞ்சள் கட்டுவதையும் விடவில்லை. பழைய பழக்கத்தில் யாரும் வடாமை வாரிவிடக்கூடாதே என்று, துவைத்து வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் போடுகிறேன். காய மூன்று நாள் ஆகிறது. ஏன் மாடியில் போடவில்லை என்று வீட்டுக்காரர் கேட்டால், மேலே எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்கிறேன்.