மூடி போட்டு எடுத்த பத்து வினாடி

நானும் என் தம்பியும் கடைசியாகப் பேசிக்கொண்டது கலர் நாய்ஸைப் பற்றி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதை நம்பாதவர்கள் இதையாவது நம்பலாம். என் போனில் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறது. மதியம் 1.50, மூன்று நிமிடம்.

அவன் கேமராமேன், நான் எடிட்டர். அன்று ஒரு குளிர்பதனக் கிடங்கில், அந்த நிறுவனத்துக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். காலையில் எடுத்ததை எனக்கு அனுப்பியிருந்தான். வெளிச்சம் போதாத இடத்தில் கேமராவின் உணர்திறனை முறுக்கி ஏற்றி எடுத்தால், இருட்டான பகுதியெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் கொதிக்கும். அதுதான் கலர் நாய்ஸ். அதைத் துடைப்பதற்கென்றே எடிட்டிங் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் பிளகின்கள் உண்டு. உட்கார்ந்து துடைப்பது என் தலையெழுத்து.

"லைட்டு வைடான்னா வைக்க மாட்டியா? எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு."

"நீதான் துடைக்கிறவனாச்சே. துடைச்சுக்கோ."

"மூடி ஷாட் எங்கடா? அது இல்லாம எதை வெச்சுத் துடைக்கிறது, உன் மூஞ்சிய வெச்சா?"

"சரிண்ணா, எடுத்துடறேன். உயிரை வாங்காத."

மூடி ஷாட் என்பது எங்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு. லென்ஸை மூடியால் மூடிவிட்டு, பத்து வினாடி வெறும் இருட்டைப் பதிவு செய்வான். அந்த இருட்டில் ஒரு கட்டம் போட்டுக் காட்டினால், எது படம், எது வெறும் புள்ளி என்று பிளகின் கற்றுக்கொள்ளும்.

2.40க்கு ஒரு லாரி அவன் பைக்கை அடித்தது. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவன் எதற்கு இந்தப் பக்கம் வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவனோடு லைட் வேலை பார்ப்பவனை 'பல்பு' என்போம். அவன்தான் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தான். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து அம்மா கேட்டாள். "அவன் மூஞ்சி மறந்துடுமோன்னு பயமா இருக்குடா. ஒரு போட்டோ போட்டுக் குடு."

எங்கள் எல்லோரையும் எடுத்தவன் அவன். அவனை யாரும் எடுக்கவில்லை. கேமராவிலிருந்த கார்டில் மட்டும் ஆறு வினாடி இருந்தது. மணி 1.55, நான் போனை வைத்த கையோடு. கேமராவைத் தன் பக்கம் திருப்பி, "இந்தா, என் மூஞ்சி. வெச்சுத் துடை" என்கிறான். கிடங்கின் இருட்டில், முகமெல்லாம் புள்ளி.

ஒன்பது நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்று பிளகின் மாற்றினேன். அழுத்தித் துடைத்தால் புள்ளியோடு முகமும் போனது. அவன் இடது புருவத்தில் ஒரு தழும்பு. சின்ன வயதில் நான் கதவை அறைந்து சாத்தியபோது பட்டது. அது முதலில் போனது. லேசாகத் துடைத்தால் அம்மை போட்டதுபோல் ஆனான். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது உங்க தம்பியா, ஜவுளிக்கடை பொம்மையா?"

"நீ வேற ஏன் எரியிற நெருப்புல எண்ணெய ஊத்துற?"

அவள், கிழிந்து பஞ்சு பிதுங்கிய என் நாற்காலி முதுகில் மஞ்சள் டேப்பைக் குறுக்காக ஒட்டிவிட்டுப் போனாள். அது பத்தாம் நாள் காலை. பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் கிளம்பிவிட்டாள். வீட்டில் நான் மட்டும், மாடியில் என் எடிட்டிங் அறையில். நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்று ஜன்னலில் எப்போதும் கறுப்புத் துணி இருக்கும். வெளியே நல்ல வெயில்.

2.47க்குக் கணினி மறுபடி உறைந்தது. மேசையை ஓங்கிக் குத்தினேன்.

"செத்தும் உயிரை வாங்குறான்டா!"

வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கு கசந்தது.

கணினி உயிர்பெற்றதும் கார்டை மறுபடி மேய்ந்தேன். கடைசியில் ஒரு பதிவு. முழுக்கக் கறுப்பு. பத்து வினாடி. இதை முன்பே பார்த்திருந்தால், ஓடாத பதிவென்று தள்ளியிருப்பேன். மூடி ஷாட்! எடுத்துத்தான் வைத்திருக்கிறான்!

பிளகினைத் திறந்து நடுவில் கட்டம் போட்டேன். எச்சரிக்கை வந்தது. 'இந்தப் பகுதியில் உருவம் உள்ளது. வெற்றுப் பகுதியைக் காட்டவும்.'

மூடி போட்ட இருட்டில் ஏது உருவம்?

கட்டத்தை மூலைக்கு நகர்த்தினேன். உருவம் உள்ளது. அடுத்த மூலை. உருவம் உள்ளது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட இப்படி வந்ததில்லை.

எரிச்சலில் அந்தப் பதிவின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றினேன். பத்து வினாடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி போட்டேன். அப்படிச் செய்தால் புள்ளிகள் அடங்கும். அசையாதது மட்டும் மிஞ்சும்.

மெதுவாக மிஞ்சியது...

நீல வெளிச்சமாக ஒரு சதுரம். அதன் முன்னே ஒரு தலை. முதுகுப்பக்கம். கொஞ்சம் உயரத்திலிருந்து.

நாற்காலி.

அதன் முதுகில் குறுக்காக ஒரு மஞ்சள் கோடு.

காலையில் ஒட்டிய டேப்.

கை தானாக ஒலியை ஏற்றியது. முதலில் இரைச்சல்... பிறகு, தொப்பென்று ஒரு சத்தம். மேசையைக் குத்தும் சத்தம்.

என் குரல்.

"செத்தும் உயிரை வாங்குறான்டா!"

பிறகு... மிக அருகில்... மூக்கால் ஒரு சிரிப்பு.

அவன் அப்படித்தான் சிரிப்பான்.

நான் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

அழைப்புமணி அடித்தபோதுதான் அசைந்தேன். அம்மாவும் மனைவியும் வந்துவிட்டார்கள். மறுநாள் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே பதிவைத் திறந்தேன். வெறும் கறுப்பு. கட்டம் போட்டேன். பிளகின் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஒரே தடவையில் தம்பியின் முகம் தெளிந்தது. புருவத் தழும்புகூட வந்தது. அம்மா அந்தப் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் பல்பு வந்தான். படத்தைப் பார்த்ததும் உடைந்துபோனான். அவன் அடங்கியதும் சொன்னேன்.

"நல்லவேளை, மூடி ஷாட் எடுத்து வெச்சிருந்தான். அதான் இந்த மூஞ்சியாவது கெடைச்சுது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"எங்கண்ணே எடுத்தான்? மூடியே இல்லியே. நீங்க போன்ல கத்துனதும் பையெல்லாம் கொட்டித் தேடுனான். 'அண்ணன் ரூம்லயே விட்டுட்டேன்போல, போய் எடுத்துட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டுத்தான் பைக்கை எடுத்தான். கேமராவ நான்தான் ஆஃப் பண்ணேன். பேட்டரியக் கழட்டிப் பெட்டில வெச்சுப் பூட்டினேன். அப்ப மணி ரெண்டேகால்."

அந்தப் பதிவின் தேதி, அவன் போன அதே நாள். நேரம், 2.47. நான் மேசையைக் குத்திய அதே நேரம்.

மாடிக்குப் போனேன். என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் அலமாரி இருக்கிறது. இரண்டாவது தட்டில், ஒயர் சுருள்களுக்கு நடுவே லென்ஸ் மூடி சாய்ந்து நின்றிருந்தது. என் நாற்காலியைப் பார்த்தபடி.

நான் அதை எடுக்கவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.